யார் காதால் கேட்டது

ஜூன் 3, திங்கள்

பெரிய வேலை ஒன்று தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஒரு பார்சல் கம்பெனி. நாலு மாநிலத்தில் அறுநூற்று நாற்பது கிளைகள். எல்லாக் கிளைக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்கு நெட்வொர்க்கைப் புதிதாக வடிவமைத்து ஆகஸ்ட் நடுவில் கையில் கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரௌட்டர் இருக்கும். எந்த ஊருக்கு எந்த வழி என்று அந்த அறுநூற்று நாற்பதும் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்வது? அதற்கு எந்த ரௌட்டிங் புரோட்டோகாலைத் தேர்ந்தெடுப்பது? முதல் கேள்வியே இதுதான். இருபது வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அம்மா மட்டும் இன்றுவரை கோயிலில் கேட்பவர்களிடம் "எம் மவ டெலிபோன் ஆபீஸ்ல இருக்கா" என்கிறாள். போகட்டும், கிட்டத்தட்டச் சரிதான்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஜெபராஜ். பழைய நெட்வொர்க்கைப் பதினான்கு கிளை இருந்த காலத்தில் அவரே கையால் கட்டியிருக்கிறார். ரிப் என்னும் ஆதிகாலத்து முறை. அதையே ஒட்டுப் போட்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, அறுநூற்று நாற்பது வரை இழுத்துவிட்டார். "ஓடுதுல்ல மேடம்?" என்றார். இந்தக் கேள்விக்கு எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை தம்பி மாடசாமி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்றுதான் கேட்டேன். நாக்பூரில் குளிர்பதனக் கிடங்கு மெக்கானிக். "எக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். இருமல்தான் விட மாட்டேங்கு. மூச்சு வாங்குது. அடுத்த வாரம் வேற கிடங்குக்குப் போடுதாங்களாம், அங்கன சிக்னல் கெடையாதாம். நீ சாப்புட்டியா?" அதற்கு மேல் இருமல் வந்து நின்றுவிட்டது.

வீட்டில் கல்யாணம் நிலைக்காத இரண்டு பேர் நானும் அவனும். அதனாலோ என்னவோ நாக்பூரிலிருந்து வரும்போதெல்லாம் முதலில் சென்னையில் இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குப் போவான். ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பா ஆரஞ்சு பர்பி. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை.

பார்வதி அக்காவுக்குப் போன் செய்து, மாடன் நல்லா இருக்கிறானாம் என்று சொன்னேன். அம்மா அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். கடைக்குட்டியைப் பற்றி ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்பாளாம்.

ஜூன் 5, புதன்

காலை முதல் மாலை வரை ஒரே கூட்டம். கிளை வாரியாக ஜெபராஜ் கதை சொன்னார். மனிதருக்கு ஒவ்வொரு ரௌட்டரும் பெற்ற பிள்ளை. "இது ராய்ச்சூர், மழைக்கு விழுந்துரும், அப்புறம் தானா எழுந்துரும்" என்கிறார்.

நடுவில் தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான். பதினொன்று பத்துக்கு ஒன்று, பதினொன்று பதினாறுக்கு ஒன்று. 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று போனே அனுப்பும் செய்தியைத் தட்டிவிட்டேன். கூட்டத்தில் போனைக் கவிழ்த்து வைப்பது என் வழக்கம். மற்றவர்களுக்கும் அதைச் சட்டமாக வைத்திருக்கிறேன்.

இரவு தலைவலி. நாளைக்குப் பேச வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

தம்பிக்குப் போன். (மறந்தே போனேன். நாளை.)

ஜூன் 8, சனி

தம்பிக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். சிக்னல் இல்லாத கிடங்கு என்று சொன்னானே, அங்கே போயிருப்பான். மெசேஜ் போட்டேன்: 'டாக்டரிடம் போனாயா?' ஒற்றை டிக்தான் விழுந்தது.

அக்கா கூப்பிட்டாள். "ஏட்டி இசக்கி, மாடன் பேசுனானா? அம்மா நச்சரிக்கா."

"புதன்கிழமகூட கூப்பிட்டான்க்கா. புதுக் கிடங்குக்குப் போயிருக்கான். நல்லாத்தான் இருக்கான்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கூப்பிட்டான் என்றுதானே சொன்னேன்.

வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

புரோட்டோகால் தேர்வுக்கு ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். மேலிடத்தாருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பது உத்தரவு. எழுதியதை இங்கே படியெடுக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

'ரிப் முறையில் எந்த ரௌட்டரும் ஊரைப் பார்த்ததில்லை. பக்கத்து ரௌட்டர் சொல்வதை நம்பும். அது தனக்குப் பக்கத்து ரௌட்டர் சொன்னதை நம்பியிருக்கும். முப்பது செகண்டுக்கு ஒருமுறை இந்தக் கேள்விப்பட்ட சேதி சுற்றிக்கொண்டே இருக்கும். ஓஎஸ்பிஎஃப் முறையில் ஒவ்வொரு ரௌட்டரும் தானே கண்ட இணைப்பை மட்டும், தன் பெயர் போட்டு, எல்லாருக்கும் சொல்லும். நடுவில் இருப்பவர் ஓர் எழுத்து கூட்டவோ குறைக்கவோ கூடாது, அப்படியே கடத்த வேண்டும். ஆகவே ஒவ்வொருவர் கையிலும் முழு வரைபடம் இருக்கும்.'

கேள்விப்பட்டதை நம்புவதா, கண்டவன் சொன்னதை நம்புவதா, அவ்வளவுதான் விஷயம். மீதி எல்லாம் அலங்காரம். ஜெபராஜ் விடவில்லை. "எல்லாருக்கும் எல்லாம் தெரியணுமா மேடம்? எங்கயோ ஒரு கேபிள் அறுந்தா அறுநூத்தி நாப்பது பேரும் கணக்குப் போட்டுட்டு உக்காரணுமா?" கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் மண்டலமாகப் பிரிப்பது. சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் 19, புதன்

தென்காசியிலிருந்து ஆறுமுகநயினார் அண்ணன். மளிகை மொத்தக் கடை. மாதம் ஒரு தடவை பேசுவார், மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாது.

"எம்மா, மாடன் நல்லாருக்கானாம்லா. புது எடத்துல சாப்பாடெல்லாம் வாய்க்கு ருசியா இருக்காம்."

"அப்படியாண்ணே? யாரு சொன்னா?"

"அக்காதான் சொன்னா."

அப்பாடா என்றிருந்தது. என்னை எடுக்கவில்லை என்ற கோபத்தில் அக்காவுக்குப் போட்டிருக்கிறான், கழுதை. சாப்பாடுவரை பேசியிருக்கிறான் என்றால் இருமல் தேவலை என்றுதானே அர்த்தம். செய்ய வேண்டியவை பட்டியலில் 'தம்பிக்குப் போன்' என்றிருந்ததை அடித்துவிட்டேன். வாஷிங் மெஷினும் சரியாகிவிட்டது.

ஜூன் 22, சனி

அம்மா கேட்டாளென்று அக்கா பேசினாள். அண்ணன் சொன்னதை நானும் சொன்னேன். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம், இருமலும் குறைந்திருக்கும் என்றேன். "ஆமாட்டி, அண்ணனும் சொன்னாரு" என்றாள்.

ஜூன் 27, வியாழன்

இன்று லேபில் ஜெபராஜுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். கொஞ்சம் குரூரமான சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று ரௌட்டர்களை முக்கோணமாக இணைத்து, மதுரை, சேலம், வேலூர் என்று டேப் ஒட்டினேன். மதுரைக்குப் பின்னால் தேனி. எல்லாவற்றிலும் அவருடைய ரிப். பிறகு தேனியின் கேபிளை அவர் கையாலேயே பிடுங்கச் சொன்னேன். தேனி செத்தது மதுரைக்கு உடனே தெரியும். வேலூருக்குச் சொல்லிவிட்டது. சேலத்துக்குப் போன சேதியை மட்டும் நான் வழியில் தடுத்தேன். நிஜத்தில் அடிக்கடி நடப்பதுதான். ஒரு சேதி தொலையும்.

சேலம் பழைய நினைப்பில் வேலூரிடம், தேனிக்கு என்னிடம் வழி இருக்கிறது, தூரம் இரண்டு என்றது. வேலூர் நம்பியது. மதுரையிடம் போய், என்னிடம் வழி இருக்கிறது, மூன்று என்றது. கேபிள் அறுந்ததைத் தானே பார்த்த மதுரை, அட, வேறு பக்கமாக வழி இருக்கிறது போல என்று அதையும் நம்பிச் சேலத்திடம் நான்கு என்றது. சேலம் ஐந்து என்றது. அப்படியே சுற்றிச் சுற்றி ஆறு, ஏழு, எட்டு. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. தேனியின் கேபிள் ஜெபராஜ் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணும் பொய் சொல்லுதா மேடம்?"

"ஒண்ணும் பொய் சொல்லல சார். கேட்டதத்தான் சொல்லுது. சொல்லும்போது ஒண்ணு கூட்டிக்குது, அவ்வளவுதான்."

"எப்பதான் நிக்கும்?"

"பதினாறுல. பதினாறுன்னா இல்லைன்னு அர்த்தம்னு ஆதியிலேயே எழுதி வெச்சுட்டாங்க. இல்லாட்டி சாகும்வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கும்."

மூன்று முட்டாள்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேபிளைச் சுருட்டி மேஜைமேல் பதனமாக வைத்தார். "சரி மேடம், உங்க ஓஎஸ்பிஎஃப்பே போடுங்க" என்றார். இருபது வருஷத்து மனிதரை அரைமணி நேரத்தில் சாய்த்தாயிற்று. ஆபீஸில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

அம்மா அக்கா போனிலிருந்து நேரே என்னிடம் பேசினாள். வழக்கமில்லாதது. போனைத் தொடவே பயப்படுவாள். அக்காதான் எண்ணை அழுத்திக் காதில் வைப்பாள்.

"எல்லாரும் நல்லாருக்கான் நல்லாருக்கான்னு சொல்லுதிய. யாரு காதால கேட்டிய?"

"அண்ணன் சொன்னாரும்மா."

"அவன் அக்கா சொன்னாங்கான். அக்கா நீ சொன்னங்கா. நீ பேசுனியாட்டி? ஒங்காதால கேட்டியா?"

எழுபத்து நாலு வயது. ரத்தக்கொதிப்பு. போன மாதம்தான் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லி அந்த உயிரைத் துடிக்க விடவா?

"பேசுனேம்மா. இன்னைக்குக் காலைலதான்" என்றேன்.

"என்ன சொன்னான்?"

"நல்லாருக்கேன்னான். ஆடிக் கொடைக்கு வாரேன்னான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்பஞ்சரி" என்றாள். அவள் குரல் தெளிந்ததைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவன் வராமல் எங்கே போகப்போகிறான்? இந்த வாரம் எப்படியும் அவனைப் பிடித்துவிட வேண்டும். வைத்ததும் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலை 12, வெள்ளி

அண்ணன் மறுபடி. போன தடவை பேசி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதிசயம். குரலில் உற்சாகம்.

"எம்மா, மாடன் கொடைக்கு வாரானாம்லா! பத்து நாள் லீவு போட்டிருக்கானாம். கிடா அவன் கணக்குலதானாம்."

எனக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது. பத்து நாள் லீவு, கிடா, இதெல்லாம் நான் சொல்லாதவை. அப்படியென்றால் அவனே யாரிடமோ பேசியிருக்கிறான். இருக்கும். அண்ணன் அவ்வளவு அடித்துச் சொல்கிறாரே.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. வேலையில் இருந்தேன்.

ஜூலை 13, சனி

அடித்தேன். அதே ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலை 19, வெள்ளி

வடிவமைப்பு முக்கால்வாசி முடிந்தது. இன்று ஒரே ஒரு விஷயத்துக்கு இரண்டு மணி நேரச் சண்டை. ஓஎஸ்பிஎஃப்பில் பக்கத்து ரௌட்டர்கள் பத்து செகண்டுக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று 'ஹலோ' சொல்லிக்கொள்ள வேண்டும். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் இருக்கிறேன் என்பதற்கு அது போதும். நாற்பது செகண்டு ஹலோ வராவிட்டால் செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் அறிவித்துவிடும்.

ஜெபராஜ் நாற்பதை இரண்டு நிமிஷமாக்கச் சொல்கிறார். "கிராமத்து லைன் மேடம். மழை வந்தா திக்கும் திணறும். அதுக்குள்ள செத்துட்டான்னு சொல்லிட்டா எப்படி? பாவம், கொஞ்சம் டைம் குடுங்க."

"சார், பேச்சே இல்லாதவன உயிரோட இருக்கான்னு நெனச்சுக்கிட்டு அவன் பக்கமே பார்சல அனுப்பிட்டிருப்பீங்களா? நாப்பது செகண்டு தாராளம்."

கடைசி முடிவை ஆகஸ்டு கூட்டத்துக்குத் தள்ளிவிட்டோம். திங்கட்கிழமை இரவு பொதிகையில் ஊருக்கு டிக்கெட். தம்பி நாக்பூரிலிருந்து என்றைக்குக் கிளம்பினானோ தெரியவில்லை. சென்னையில் இறங்கி என்னோடு வருவான் என்று நினைத்தேன். நேரே போய்விட்டான் போல.

ஜூலை 23, செவ்வாய்

கொடை. மேளம் காதைப் பிளந்தது. அம்மா கோயில் முன்னால் பாயில் உட்கார்ந்து பஸ் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை.

மதியம் நாங்கள் மூன்று பேரும் அண்ணனின் வேனுக்குப் பின்னால் நின்றோம். அக்கா சொன்னாள், "எண்ணே, எந்த வண்டில வாரான்னு சொன்னான்?"

"எனக்கென்னட்டி தெரியும்? நீதான பத்து நாள் லீவுன்ன?"

"நான் கேட்டேன், பத்து நாளாது இருப்பான்லான்னு. கிடா அவன் கணக்குன்னு நீரு சொன்னீரு."

"போன வருசம் சொன்னாம்லா, அடுத்த கொடைக்கு ஏங்கணக்குன்னு. அதத்தான் சொன்னேன். வாரான்னு சொன்னது அம்மா. இசக்கி பேசுனாளாம்னு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பேசல" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போல. அக்கா, "என்னது?" என்றாள். "நான் பேசலக்கா. அம்மாவுக்காகச் சொன்னேன். ஜூன்ல நல்லாருக்கேன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டான், அதோட சரி. அப்புறம் அவன் கூப்பிட்டான், நான் எடுக்கல."

"அப்ப யாருதான் அவங்கிட்ட பேசுனது?" என்றார் அண்ணன். எங்களைத்தான் கேட்டார். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

அவன் எப்போதோ கொடுத்து வைத்திருந்த கிடங்கு நம்பரை என் போனில் தேடி எடுத்து அடித்தேன். மேஸ்திரி ஒரு பீகார்க்காரர், எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன். மாடசாமியா, அவன் ஜூன் ஆறாம் தேதியே லீவு போட்டுப் போய்விட்டானே என்றார். மூச்சுத் திணறல் அதிகம், சென்னையில் அக்கா வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கப் போவதாகச் சொன்னானாம். "அக்கா வீட்டில் நன்றாக இருப்பான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்."

ஜூலை 27, சனி

கையால் எழுத முடிகிற அளவுக்கு எழுதுகிறேன்.

சென்னையில் ரயில்வே போலீஸிடம் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் படம் அனுப்பினார்கள். இரண்டாம் நாள் பதில் வந்தது. விஜயவாடாவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். அண்ணனும் நானும் போனோம்.

ஜூன் 7, காலை ஆறு மணி. பொதுப் பெட்டியில் மூச்சுக்குத் தவித்தவனைக் கூட இருந்தவர்கள் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறான். பர்ஸும் போனும் இல்லை. யாரோ எடுத்திருக்க வேண்டும். ஆள் அடையாளம் தெரியாமல் வைத்திருந்து பார்த்துவிட்டு அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். ஒரு ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினார் ஏட்டு. நாற்பதாவது பக்கமோ என்னவோ. கண் பாதி திறந்திருந்தது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "எலே மக்கா, எலே மக்கா" என்று அதையே சொன்னார்.

உடைமைப் பட்டியலைத் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்தில் படித்துச் சொன்னார்கள். நீலச் சட்டை ஒன்று. சாவி ஒன்று. சட்டைப் பையில் டிக்கெட், நாக்பூர் முதல் சென்னை சென்ட்ரல் வரை. இனிப்பு டப்பா ஒன்று, ஆரஞ்சு நிறம், கெட்டுப்போனதால் அழிக்கப்பட்டது.

ஐந்தாம் தேதி பதினொன்று பத்துக்கும் பதினொன்று பதினாறுக்கும் அவன் கேட்க நினைத்தது என்ன என்று இப்போது தெரிகிறது. எக்கா, நான் வரட்டுமா. அவ்வளவுதான் கேட்டிருப்பான். நான் எடுத்திருந்தால் வேண்டாம், ஆம்புலன்ஸ் வைத்துக்கொண்டு அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர் என்று சொல்லியிருப்பேன். கத்தியிருப்பேன். எனக்குக் கத்த வரும்.

அவனைப் புதைத்த இடத்தில் ஒரு நம்பர் பலகை. அண்ணன் ஒரு பிடி மண் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

ஐம்பது நாள். அதில் நாற்பத்தாறு நாள் எங்கள் மூன்று பேருக்குள் அவன் சாப்பிட்டான், லீவு போட்டான், கிடா வாங்கினான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விட்டார் அண்ணன். தம்பிக்கு அண்ணன் செய்கிற காரியமா இது என்று அக்கா படித்துறையில் உட்கார்ந்து அழுதாள்.

அம்மா அழவில்லை. சேதி சொன்ன நாளிலிருந்தே அதிகம் பேசுவதில்லை. மத்தியானம் என்னை மட்டும் அடுக்களைக்குக் கூப்பிட்டாள். விரலை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

"வைகாசி இருபத்தஞ்சுல போயிட்டான்னு சொல்லுதிய. நீ எங்கிட்ட ஒங்காதால கேட்டேன்னு சொன்னது ஆனி இருவத்தி மூணு. ஞாயித்துக்கெழம."

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப ஒங்கிட்ட பேசுனது யாருட்டி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல் கேட்டாள். யாரோ ஒருவன் பேசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று இன்னும் கொஞ்சம் நம்பினாள் என்று நினைக்கிறேன். அந்தக் கொஞ்சத்தையும் நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"யாரும் பேசலம்மா. பொய் சொன்னேன். அவன் அதுக்கு முந்தி ரெண்டு வாட்டி கூப்பிட்டான். நான் எடுக்கல. கூட்டத்துல இருந்தேன். மறுநாளும் கூப்பிடல. மறந்துட்டேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா இறக்கி வைத்தாள். துணியால் மேடையைத் துடைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து அக்காவின் பழைய போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "இதுல ஒங்க நம்பரெல்லாம் போட்டுக் குடு. எதத் தொட்டா நீ எடுப்பன்னு காட்டு."

காட்டினேன். எழுத்துத் தெரியாதென்று எங்கள் போட்டோவைப் போட்டுக் கொடுத்தேன். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். என் கையிலிருந்த போன் அடித்தது. "எடு" என்றாள். அடுக்களையில் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இருவரும் போனைக் காதில் வைத்தோம்.

"இருக்கியாட்டி?"

"இருக்கேம்மா."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சென்னை. தம்பி வருவான் என்று போன மாதம் இரண்டு பாக்கெட் சொல்லியிருந்தேன். பால்காரனிடம் இனி ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தினமும் நாலு மணிக்கு அம்மா. இருக்கியாட்டி. இருக்கேம்மா. சரி.

அவனுடைய வாய்ஸ் மெசேஜைத் திரும்பக் கேட்டேன். 'மூச்சு வாங்குது' என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்காவிடம் நல்லா இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கூட்டியது நான்தான். கூட்டியதா, குறைத்ததா.

ஆகஸ்ட் 14, புதன்

கடைசிக் கூட்டம். வடிவமைப்பு ஒப்புதலாயிற்று. ஓஎஸ்பிஎஃப், ஒன்பது மண்டலம், அறுநூற்று நாற்பது கிளை. மிச்சமிருந்தது அந்த நாற்பது செகண்டு மட்டும்தான். ஜெபராஜ் தயங்கித் தயங்கி எடுத்தார். அவருக்கு விஷயம் தெரியும், ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. நாப்பதே இருக்கட்டும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருந்த போன் அடித்தது. மணி நாலு. அறையில் பதினோரு பேர். என் சட்டத்தை என்னிடமே கற்றவர்கள், போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன்.

"இருக்கியாட்டி?"

"இருக்கேம்மா."

"சரி."

"எதும் அவசரமா மேடம்?" என்றார் ஜெபராஜ்.

"இல்ல சார். எங்கம்மா. நாப்பதே இருக்கட்டும். ஹலோ நின்னா நம்ம ஆளு ஒருத்தர் அந்தக் கிளைக்கு நேரா போன் போட்டுப் பாக்கணும்னு கீழ ஒரு வரி சேத்துக்கலாம். ரௌட்டர் சொல்லுச்சுன்னு விட்டுரக் கூடாது." அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கூப்பிட்டாள். அம்மா தினமும் என்ன செய்கிறாள் என்று இன்றுதான் கவனித்தாளாம். முதலில் எனக்கு, அப்புறம் அண்ணனுக்கு. அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளுக்கும் அடிப்பாளாம், அடுத்த அறையிலிருந்து. நாலாவதாக மாடன் முகத்தைத் தொடுவாளாம். நான்தான் அன்றைக்குப் பழக்கத்தில் அவன் போட்டோவையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்று போன் கம்பெனிப் பெண் குரல் இந்தியில் சொல்லுவதை முழுக்கக் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லித்தான் வைக்கிறாளாம்.

"பாக்க முடியலட்டி. அவ தூங்கும்போது அந்த நம்பர அழிச்சிரட்டுமா?"

செத்த வழியை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக் கூடாது என்று இன்று சாயங்காலம்தான் கையெழுத்துப் போட்டேன்.

"வேண்டாம்க்கா. இருக்கட்டும்" என்றேன்.